குதிரைவீரர் உடையில் மரபும் காப்பும்: மைசூர் வட்டாரச் சொற்கள் வழி ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

மைசூர்த் தசரா விழாவின் நிறைநாளில் நடைபெறும் ஊர்வலம் 'ஜம்பூ சவாரி' என்று அழைக்கப்படுகிறது. யானை ஊர்வலத்தைக் குறிக்கும் இத்தொடரின் பிற்பகுதியாகிய 'சவாரி' பாரசீக மொழியினின்று வந்த சொல்லாகும். அம்மொழியில் அது குதிரையேற்றத்தையே சிறப்பாகச் சுட்டும். யானையை முதன்மையாகக் கொண்ட ஒரு விழாவின் பெயரிலேயே குதிரையேற்றச் சொல் ஒன்று குடிபுகுந்திருப்பது, தென்னாட்டு அரசவைப் பண்பாட்டில் குதிரைவீரர் பெற்றிருந்த இடத்தைக் காட்டும். அவ்வூர்வலத்தில் காவல்துறையின் குதிரைப்படைப் பிரிவினர் விழாச் சீருடையும் தலைப்பாகையும் அணிந்து செல்வது இன்றும் காணத்தக்க காட்சியாகும்.

இவ்வுடை குறித்து இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. தலைப்பாகையும் விழா உடையும் மரபின் அடையாளங்கள். அவற்றை மாற்றலாகாது என்பது ஒன்று. குதிரையினின்று வீழ்வோர்க்குத் தலைக்காயமே பேரிடர். ஆதலின் தலைக்கவசமே வேண்டப்படுவது என்பது மற்றொன்று. இவ்விரு கருத்துகளும் மரபையும் காப்பையும் எதிரெதிர் நிறுத்துகின்றன. ஆயின் குதிரைவீரர் உடையைக் குறிக்கும் சொற்களின் வரலாற்றை ஆராயுமிடத்து, இவ்வெதிர்நிலை பிற்காலத்தில் தோன்றியதென்பதும், இன்று மரபென வழங்கப்பெறும் உடைகளுள் பல ஒரு காலத்தில் பயன் கருதியே பிறரிடமிருந்து பெறப்பட்டவை என்பதும் புலனாகும். தமிழ், கன்னடம் ஆகிய இரு மொழிகளும் ஊடாடும் மைசூர் வட்டாரத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்க முற்படுகிறது. சட்டங்களையும் விதிமுறைகளையும் மொழிபெயர்ப்போர்க்கு இவ்வரலாறு உணர்த்தும் செய்தியும் இறுதியில் சுட்டப்பெறும்.

2. தைத்த ஆடையும் குதிரையும்

பண்டைத் தமிழகத்தில் உடை என்பது பெரிதும் உடுப்பதும் போர்ப்பதுமே ஆகும். தைத்து அணிவது அருகிய வழக்கு. இதனைச் சொல்லாக்கமே காட்டுகிறது. முல்லைப்பாட்டில் அரசன் பாசறையைக் காக்கும் யவனர் 'மெய்ப்பை' அணிந்தவராகக் குறிக்கப்படுகின்றனர். உடலை உள்ளடக்கும் பை என்னும் பொருளில், முன்னர் அறியாத ஒரு பொருளைத் தம் மொழிச் சொற்களாலேயே விளக்கிப் பெயரிட்ட முயற்சி இது. அவ்யவனரது உடையைச் சுற்றி வளைந்திருப்பதாகக் கூறப்படும் 'மத்திகை' குதிரையை ஓட்டும் சம்மட்டியாகும். இது சாட்டையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு உறவுடையது என்பது அறிஞர் பலர் கருத்து. ஒரே இடத்தில் தைத்த உடைக்குத் தமிழ் ஆக்கச்சொல்லும், குதிரைக் கருவிக்குப் பிறமொழிச் சொல்லும் அமைந்திருப்பது நோக்கத்தக்கது. பொருளோடு சொல்லையும் ஏற்றல், பொருளை ஏற்றுச் சொல்லைத் தானே ஆக்கல் என்னும் இருநெறிகளும் அக்காலத்திலேயே தமிழில் இயங்கியமைக்கு இது சான்றாகும்.

9ஆம் நூற்றாண்டினர் எனப் பலரும் கருதும் மாணிக்கவாசகரின் திருவாசகத்தில், அன்னைப்பத்து என்னும் பகுதியில், பரிமேல் வரும் இறைவன் 'குப்பாயம்' அணிந்தவனாகக் கூறப்படுகிறான். குப்பாயம் என்பது மெய்யை மூடும் தைத்த மேலுடை. இச்சொல் மலையாளத்தில் சட்டையைக் குறித்து இன்றும் வழங்குகிறது. கன்னடத்தில் 'குப்பஸ' என்பது மகளிர் இரவிக்கையைக் குறிக்கும். தமிழ்ப் பொதுவழக்கில் அது பெரிதும் அருகிவிட்டது. இறைவனை எழுந்தருளும் கோலத்தில் காட்டும் பாடல்களில் பட்டும் துகிலும் பேசப்படுதல் இயல்பு. ஆயின் குதிரைமேல் வரும் கோலத்திற்கென ஒரு தைத்த உடை சுட்டப்பட்டிருப்பது, குதிரைவீரன் எனின் இத்தகைய உடையினன் என்னும் எண்ணம் அக்காலத்தார் உள்ளத்தில் வேரூன்றியிருந்ததைப் புலப்படுத்தும். மாணிக்கவாசகர் வரலாற்றில் குதிரை வணிகம் பெறும் இடத்தையும் இதனோடு இணைத்து எண்ணலாம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அந்நாட்டில் மேலாடை தைப்பார் எவருமிலர் என்றும், அரசன் முதலாக அனைவரும் அரையாடையோடே விளங்கினர் என்றும் எழுதினார். அவரே அந்நாடு ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகளைக் கடல்வழிப் பெற்றதையும், அவற்றைப் பேணும் முறை அறியாமையால் பல மடிந்ததையும் குறிக்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் இவ்வணிகத்தின் அளவினை ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் எனவும், குதிரை ஒன்றின் விலையை 220 தினார் எனவும் தருகிறார். எண்களில் மிகை இருக்கலாம். எனினும் குதிரையும், குதிரை பற்றிய அறிவும், குதிரைக்குரிய சொற்களும், குதிரைமேல் அமர்வார்க்குரிய உடையும் பெரிதும் ஒரே வழியில் வந்தன என்பதில் ஐயமில்லை.

'இராவுத்தர்' என்னும் சொல்லும் இங்கு எண்ணத்தக்கது. அரசமகன் எனப் பொருள்படும் வடசொல்லினின்று பிராகிருதம் வழி வந்த இச்சொல், கன்னடத்தில் 'ராவுத' எனக் குதிரைவீரனைக் குறிக்கும். தமிழில் குதிரை வணிகத்தோடும் குதிரைப்படையோடும் தொடர்புடைய முசுலிம் மரபினர்க்குப் பெயராயிற்று. 15ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில் மயிலேறும் முருகனையே இராவுத்தன் என விளிக்கிறார். ஒரு தொழிற்பெயர் சமய எல்லையைக் கடந்து தெய்வத்திற்கும் அடைமொழியாதல், அத்தொழிலின் மதிப்பையே காட்டும்.

3. கபாயியும் குல்லாயும்

விசயநகரப் பேரரசின் காலத்தில் குதிரைவீரர் உடை அரசவை உடையாகவே உயர்ந்தது. அரபுச் சொல்லாகிய 'கபா'வினின்று வந்த 'கபாயி' என்னும் நீண்ட அங்கியும், பாரசீகச் சொல்லாகிய 'குலாஹ்' என்பதனின்று வந்த 'குல்லாயி' என்னும் உயர்ந்த கூம்பு வடிவத் தொப்பியும் அவ்வரசவையின் ஆடவர்க்குரிய முறையான உடைகளாயின. அமெரிக்க அறிஞர் பிலிப் வேகனர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வுடைமாற்றம் இசுலாமிய அரசுகளோடு ஒப்ப நிற்கும் ஒரு பொதுமொழியை அப்பேரரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் என விளக்கினார். திருமலையில் உள்ள கிருட்டிணதேவராயரின் செப்புப் படிமம் இக்குல்லாயினை அணிந்திருப்பது பலரும் அறிந்ததே. இன்று தமிழில் எளிய பொருளில் வழங்கும் 'குல்லா' என்னும் சொல்லின் வரலாறு இதுவாகும்.

1520ஆம் ஆண்டளவில் விசயநகரைக் கண்ட போர்த்துகீசியர் தொமிங்கோ பயஸ், அரசனின் தலையணியைத் தம் நாட்டார்க்கு விளக்குமிடத்து, காலீசியத் தலைக்கவசத்தின் வடிவில் அமைந்த சரிகைத் தொப்பி என்றார். மொழிபெயர்ப்பு நோக்கில் இது சுவையானதொரு செய்தி. அரசவையோர்க்கு மதிப்பின் சின்னமாயிருந்த ஒன்று, அயலார் கண்ணுக்குக் காப்புக் கருவியின் சாயலில் தோன்றியது.

அவரே மகாநவமி விழாவின் இறுதியில் நிகழ்ந்த படைக்காட்சியில் குதிரைவீரர் அணிந்திருந்த உடையையும் விரிவாகக் கூறுகிறார். புறத்தே பட்டும் வெல்வெட்டும், அகத்தே பதப்படுத்தாத தோலின் பல அடுக்குகளும், சிலவற்றில் இரும்புத் தகடுகளும் கொண்ட மெத்தைச் சட்டைகள் அவை. தலையணிகளும் அவ்வாறே செய்யப்பெற்று, கழுத்தை மூடும் விளிம்பும் முகத்தைக் காக்கும் பகுதியும் உடையனவாயிருந்தன. விழாவிற்குரிய பொலிவும் போருக்குரிய காப்பும் ஒரே உடையின் இரு பக்கங்களாய் அமைந்திருந்தன என்பதை இக்குறிப்பு ஐயமற உணர்த்துகிறது. அம்மகாநவமி விழாவே 1610இல் இராச உடையாரால் சீரங்கப்பட்டணத்தில் தொடரப்பெற்றுப் பின்னர் மைசூர்த் தசராவாக வளர்ந்தது. ஆகவே மைசூர் விழாவின் மூலமரபில் காப்பு என்பது புறம்பானதன்று. அது மரபின் உட்கூறாகவே இருந்தது.

4. அடியும் அரையும்

தலையணியைப் போலவே அரையுடையும் காலணியும் குதிரையேற்றத்தால் மாறின. வேட்டியைத் தளர உடுத்திக் குதிரைமேல் அமர்தல் அரிது. துணி கால்களுக்கிடையே மடிந்து தோலை உராயும். காற்றில் பறந்து சேணத்தில் சிக்கும். ஆதலின் தார்பாய்ச்சிக் கட்டுதல் என்னும் முறை இயல்பாகவே வீரர்க்குரியதாயிற்று. முயற்சியுடையானுக்கு உதவத் தெய்வமே ஆடையை இறுக்கிக் கட்டி முந்துதலைக் குறிக்கத் திருக்குறள் ஆளும் 'மடிதற்று' என்னும் சொல்லும் இவ்வழக்கின் தொன்மைக்குச் சான்றாகும். இதன் அடுத்த நிலை தைத்த கால்சட்டை. பாரசீக வழியில் வந்த 'பைஜாமா' என்பது காலுக்குரிய ஆடை என்றே பொருள்படும். தமிழில் ஆக்கப்பெற்ற 'கால்சட்டை'யும் அதே கருத்தமைப்பினது. ஈழத்தில் 'காற்சட்டை' என்றும் 'காற்சராய்' என்றும் வழங்கும்.

கால்வைக்கும் வளையத்தைத் தமிழ் 'அங்கவடி' எனவும், கன்னடம் 'அங்கவணெ' எனவும் வழங்கும். சாஞ்சிச் சிற்பங்களில் கால்விரலை மட்டும் நுழைக்கும் வார் வளையம் காணப்படுகிறது. முழு அடியையும் தாங்கும் அங்கவடி போசளர் காலச் சிற்பங்களில் உண்டு. போசளச் சிற்பங்களில் காணும் படைக்கலங்களை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ழான் தெலோஷ் இதனை விரித்துரைத்துள்ளார். திருவரங்கத்துச் சேடராயர் மண்டபத்துத் தூண்களில் பாயும் குதிரைகள்மேல் அமர்ந்த வீரர்களிடமும் இதனைக் காணலாம். அங்கவடியின் வரவு வீரனுக்கு உறுதி தந்தது. கூடவே ஒரு புதிய இடரையும் தந்தது. வீழ்கையில் அடி வளையத்தினுள் முழுமையும் நுழைந்துவிடின், குதிரை அவனை இழுத்துக்கொண்டு ஓடும். குதிகால் உயர்ந்த காலணி இதற்கென அமைந்ததே. காலடி முன்னோக்கி வழுவாமல் அக்குதிகால் தடுக்கும். இன்று அழகிற்கெனக் கருதப்படும் உயர்குதிக் காலணியின் தோற்றத்தில் குதிரையேற்றத்திற்கும் பங்குண்டு.

உடை எவ்வாறு உயிர்க்கு ஊறாகும் என்பதற்கு மேலைநாட்டுச் சான்று ஒன்றும் உண்டு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மகளிர் ஒருபக்கச் சேணத்தில் நீண்ட பாவாடையோடு அமர்தலே ஒழுக்கமெனப் போற்றப்பட்டது. அப்பாவாடை சேணத்தின் கொம்பில் சிக்கிப் பலர் இழுத்துச் செல்லப்பட்டனர். இழுபட்டால் தானே கழலும் அல்லது பிளவுபடும் 'பாதுகாப்புப் பாவாடை' அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. ஒழுக்கம் பற்றிய எண்ணம் அப்படியே நிற்க, தையல் மட்டும் மாறியது.

இந்திய மரபே உலகிற்குக் காப்புடை தந்ததும் உண்டு. சோத்பூரின் சர் பிரதாப் சிங் 1897இல் விக்டோரியா அரசியின் வைரவிழாவிற்குச் சென்றபோது, அவரும் அவருடைய போலோ அணியினரும் அணிந்த கால்சட்டை ஆங்கிலேயரைக் கவர்ந்தது. இடுப்பிலும் தொடையிலும் தளர்ந்து, முழந்தாளின் கீழ் இறுகிய அதன் அமைப்பு இந்நாட்டுச் சூடிதாரை ஒட்டியது. இறுகிய பகுதி சேணத்தின் உராய்வைத் தாங்கும். தளர்ந்த பகுதி அசைவிற்கு இடந்தரும். ஊர்ப்பெயரே உடைப்பெயராகி ஆங்கில அகராதியில் இடம்பெற்றது. காலைச் சுற்றும் 'பட்டி', மண்ணிறம் எனப் பொருள்படும் 'காக்கி' ஆகிய சொற்களும் இவ்வாறே இந்திய மண்ணினின்று ஆங்கிலப் படைத்துறைக்குச் சென்றவை. 'சோலார்' தொப்பி எனப் பலர் எழுதுவதும் இங்குக் குறிக்கத்தக்கது. அதன் மூலம் 'சோலா' என்னும் வடநாட்டுச் சொல். தமிழில் நெட்டி எனப்படும் செடியின் சோற்றால் அது செய்யப்பட்டது. கதிரவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு மயங்கியதால் 'சோலார்' ஆயிற்று. வெயிலைத் தடுக்க அது உதவியமையே அம்மயக்கத்திற்கு வழிசெய்தது. அதனைத் தலைக்கவசம் என மொழிபெயர்ப்பின் பொருள் பிழைபடும். வெயிற்காப்பிற்கன்றி வீழ்ச்சிக் காப்பிற்கென அமைந்ததன்று அது.

5. வேலூர், 1806

மரபும் ஆணையும் நேர்முகமாக மோதிய நிகழ்ச்சி வேலூர்ப் புரட்சியாகும். அது காலாட்படையில் நிகழ்ந்ததாயினும் உடைவரலாற்றில் விலக்கவொண்ணாதது. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக், 1805 நவம்பரில் புதிய வடிவத் தலைப்பாகை ஒன்றிற்கு ஆணையிட்டார். 1806 மார்ச்சில் வெளியான நிலையாணைகள், சீருடையில் இருக்கும்போது சிப்பாய்கள் நெற்றிக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடியை மழிக்கவேண்டும், மீசையை ஒரே வகையில் அமைக்கவேண்டும் என விதித்தன. படையணி ஒன்றுபோல் தோன்றவேண்டும் என்பதே இவ்வாணைகளின் நோக்கம்.

புதிய தலையணி தோலால் ஆன ஒரு குஞ்சத்தை உடையது. வடிவில் ஐரோப்பியரின் வட்டத்தொப்பியை ஒத்தது. ஆணை அதனைத் தலைப்பாகை என்றே அழைத்தது. சிப்பாய்களோ அதனைத் தொப்பியாகவே கண்டனர். 'தொப்பிக்காரர்' என்பது தமிழ்நாட்டில் ஐரோப்பியர்க்கு வழங்கிய பெயர். தொப்பி அணிதல் அவருள் ஒருவராதலே என்னும் அச்சம் அதனின்று எழுந்தது. தோல் எவ்விலங்கினது என்னும் ஐயமும் இந்துக்கள், முசுலிம்கள் ஆகிய இருசாராரையும் வருத்தியது. 1806 மே மாதத்தில் வேலூரில் அதனை அணிய மறுத்தவருள் ஓர் இந்து அவில்தாருக்கும் ஒரு முசுலிம் அவில்தாருக்கும் தலைக்கு 900 கசையடி தண்டனையாக விதிக்கப்பட்டது. சூலை 10ஆம் நாள் வைகறையில் கோட்டையில் புரட்சி வெடித்தது. திப்புசுல்தானின் மக்கள் அக்கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்தமையால் மைசூரின் கொடியும் ஏற்றப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலப் படையினர் மாண்டனர். ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆர்க்காட்டிலிருந்து கர்னல் கில்லெசுபி 19ஆம் இலகுக் குதிரைப்படையோடு விரைந்து வந்து கோட்டையைக் கைப்பற்றினார். அதன்பின் கொல்லப்பட்ட சிப்பாய்கள் பல நூற்றுவர். உடை பற்றிய ஆணைகள் அவ்வாண்டிலேயே திரும்பப் பெறப்பட்டன. ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் கிரடாக்கும் 1807இல் திருப்பி அழைக்கப்பட்டனர்.

உடையொன்றே புரட்சிக்குக் காரணம் எனல் பொருந்தாது. ஊதியக் குறையும், திப்பு குடும்பத்தாரின் நிலையும், வீழ்ந்த அரசுகளின் நினைவும் அதில் கலந்திருந்தன. எனினும் உடைவரலாற்றிற்கு இந்நிகழ்ச்சி தரும் பாடம் தெளிவானது. புதிய தலையணி பழையதினும் மிகுந்த காப்புத் தரும் என எவரும் சிப்பாய்க்கு எடுத்துரைக்கவில்லை. அது அந்நோக்கில் அமைக்கப்பட்டதுமன்று. விசயநகரத்தார் பிறர் உடையைத் தாமே விரும்பி ஏற்றபோது எதிர்ப்பு எழவில்லை. சென்னைப் படையில் அது பெயரையும் பொருளையும் மாற்றி மேலிருந்து சுமத்தப்பட்டபோது குருதி சிந்திற்று. எனவே மக்கள் காப்பது பழைய துணியை அன்று. அத்துணியை அணிவதா விடுவதா என முடிவுசெய்யும் உரிமையையே எனலாம்.

6. மைசூர்க் குதிரைப்படையும் 'லுங்கி'யும்

1799இல் திப்பு வீழ்ந்தபின், 1807ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மைசூர் அரசு 4,000 குதிரைவீரரைப் பேணும் கடப்பாட்டை ஏற்றது. இவர்கள் 'சில்லேதார்' எனப்பட்டனர். படைக்கலம் உடையவன் எனப் பொருள்படும் பாரசீகச் சொல் இது. குதிரையையும் உடையையும் தாமே கொணர்ந்து ஊதியம் பெறுவோர் இவர். ஆகவே அவர்தம் உடை அவரவர் முடிவிற்கும் பொருள்வளத்திற்கும் உட்பட்டது. 1892இல் பேரரசுப் பணிக்கென மைசூர் ஈட்டிப்படை அமைக்கப்பட்டபோது ஒருநிகர்ச் சீருடை வந்தது. ஆயின் அச்சீருடையின் தலையணியாகத் தலைப்பாகையே நிலைபெற்றது. வேலூரின் நினைவு ஆங்கில ஆட்சியாளரிடம் மறையவில்லை என்பதனை இந்தியப் படைகளின் பிற்கால உடைவிதிகள் பொதுவாகவே உணர்த்துகின்றன.

இவ்விதிகளை மொழிபெயர்ப்போர் விழிப்போடு அணுகவேண்டிய சொல் ஒன்று உண்டு. இந்தியக் குதிரைப்படை பற்றிய ஆங்கிலக் குறிப்புகளில் 'குர்த்தா', 'கமர்பந்து', 'குல்லா', 'லுங்கி' என்பன அடுத்தடுத்து வரும். இங்குக் 'குல்லா' என்பது தலைப்பாகையின் நடுவே நிற்கும் கூம்புத் தொப்பி. 'லுங்கி' என்பது அதனைச் சுற்றிக் கட்டும் துணி. தமிழில் இன்று லுங்கி அரையில் உடுத்தும் ஆடையையே குறிக்கும். பொருள் அறியாது மொழிபெயர்ப்பின், தலைக்குரியது இடைக்குரியதாகி, குதிரைவீரன் தலையணியின்றி நிற்பான். ஒரே சொல் ஒரே நாட்டில் தலையிலும் இடையிலும் வழங்குவதன் காரணம் எளிது. அது ஆடையின் அமைப்பையன்றித் துணியின் வகையையே முதற்கண் குறித்தது. நீண்ட துணியை எங்குச் சுற்றுவது என்பது பயனைப் பொறுத்தது.

தலைப்பாகை வெறும் அணிகலன் அன்று. பல முழத் துணியை அடுக்கடுக்காகச் சுற்றுகையில், வாளின் வெட்டை அது ஓரளவு தாங்கும்; வெயிலைத் தடுக்கும்; காயத்திற்குக் கட்டாகவும் கயிறாகவும் உதவும். வாளும் ஈட்டியும் படைக்கலமாய் இருந்த காலத்தில் அது பொருத்தமான காப்பே. 1918 செப்டம்பர் 23ஆம் நாள், மைசூர் ஈட்டிப்படையும் சோத்பூர் ஈட்டிப்படையும் எந்திரத் துப்பாக்கிகளை எதிர்த்துக் குதிரைமேல் பாய்ந்து ஹைபா நகரைக் கைப்பற்றின. சோத்பூர்ப் படைத்தலைவர் மேஜர் தல்பத் சிங் அன்று வீழ்ந்தார். ஐரோப்பியப் போர்முனையில் உருக்குத் தலைக்கவசம் 1915-16 முதலே பரவியிருந்தது. இவ்விரண்டும் ஒரே போரின் காட்சிகள். ஐதராபாத், மைசூர், சோத்பூர் படைகளின் நினைவாக 1922இல் தில்லியில் நிறுவப்பெற்ற மூன்று சிலைகளும் தலைப்பாகையோடே விளங்குகின்றன. போர்க்களத்தின் தேவையாக இருந்த உடை, நினைவுச்சின்னத்தில் மரபாக உறைந்தது எனலாம்.

விடுதலைக்குப்பின் மைசூர் ஈட்டிப்படை உள்ளிட்ட அரசுப் படைகளின் குதிரைப் பிரிவுகள் 1953இல் ஒன்றிணைக்கப்பட்டன. அவ்வாறு உருவான படை 61ஆம் குதிரைப்படை எனப் பெயர்பெற்றது. அணிவகுப்பில் தலைப்பாகையும் விளையாட்டுக் களத்தில் காப்புத் தொப்பியும் என இருவகை வழக்கு அதன்பின் வேரூன்றியது. அப்படையின் இரகுபீர் சிங் 1982 தில்லி ஆசிய விளையாட்டில் குதிரையேற்றத்தில் பொற்பதக்கம் வென்றார். பெங்களூரைச் சேர்ந்த பவாத் மிர்சா 2018 ஆசிய விளையாட்டில் இரு வெள்ளிப்பதக்கங்கள் பெற்று, 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கிலும் பங்குபெற்றார்.

7. உயர்தொப்பியும் தலைக்கவசமும்

மரபைக் கைவிடத் தயங்குதல் கீழைநாட்டார்க்கே உரியதென எண்ணுதல் தவறு. குதிரை நடையழகுப் போட்டியான 'திரெசாஜ்' என்பதில், கருநிற உயர்தொப்பி அணிதல் ஐரோப்பிய மரபு. அத்தொப்பி தலையை எவ்வகையிலும் காப்பதன்று. 2010இல் அமெரிக்க வீராங்கனை கோர்ட்னி கிங்-டை பயிற்சியின்போது குதிரை இடறியதால் வீழ்ந்து மண்டையோட்டு முறிவுற்று நினைவிழந்தார். அப்போது அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அதன்பின் எழுந்த இயக்கம் பலர் கருத்தை மாற்றியது. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரித்தானியாவின் சார்லட் துயூசார்தன் உயர்தொப்பியை விடுத்துத் தலைக்கவசத்தோடு பொற்பதக்கம் வென்றார். பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 சனவரி 1 முதல் அப்போட்டிகளிலும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. விதி வருமுன்னர் வீரர் தாமே ஏற்றுக்காட்டியமையால், வேலூரில் கண்ட வகையான எதிர்ப்பு இங்குக் கடுமையுறவில்லை.

தலைக்கவசத்தின் செயல்முறையும் மொழிபெயர்ப்பாளர் அறியவேண்டுவது. அதன் புற ஓடு மோதலின் விசையைப் பரப்புகிறது. உள்ளே உள்ள நுரைப்பொருள் நசுங்கி, தலை நிற்றற்குரிய நேரத்தை நீட்டிக்கிறது. அதனால் மூளைக்குச் செல்லும் அதிர்ச்சி குறைகிறது. நசுங்கிய நுரை மீள்வதில்லை. ஆதலின் ஒருமுறை வலுவாக மோதிய கவசத்தை மாற்றவேண்டும். தாடைப்பட்டை இறுகாதபோது கவசம் தலையினின்று கழன்றுவிடும். வாளைத் தடுக்கும் காப்பும் நிலத்தில் மோதுதலைத் தாங்கும் காப்பும் வேறுவேறு என்பது இதனால் விளங்கும்.

இந்தியாவில் இச்சிக்கல் குதிரையினின்று இருசக்கர ஊர்திக்கு மாறியது. 1988ஆம் ஆண்டு மோட்டார் ஊர்திச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கி, தலைப்பாகை அணிந்த சீக்கியர்க்கு விலக்களித்தது. சமயக் கடமையாகிய தலைப்பாகையும் வழக்கத்தால் அமைந்த தலைப்பாகையும் சட்டத்தின்முன் ஒன்றல்ல என்பதை இவ்விலக்கு காட்டுகிறது. வேலூரின் படிப்பினை இந்தியச் சட்டத்தில் இவ்வாறு எதிரொலிக்கிறது எனக் கொள்ளலாம்.

8. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கவை

தலையில் அணிவனவற்றைக் குறிக்கத் தமிழில் தலையணி, தொப்பி, குல்லா, தலைப்பாகை, தலைச்சீரா, தலைக்கவசம் எனப் பல சொற்கள் உள்ளன. கன்னடத்தில் பேட்டா, டோப்பி, சிரசுத்திராண என்பன வழங்கும். இவற்றுள் 'தலையணி' பொதுச்சொல். 'தலைக்கவசம்' காப்பை உட்கொண்ட சிறப்புச்சொல். குதிரையேற்ற விதியில் 'புரொடெக்டிவ் ஹெட்கியர்' என வருமிடத்தில் 'தலையணி' எனப் பொதுப்பட மொழிபெயர்ப்பின், தலைப்பாகையும் துணித்தொப்பியும் விதிக்கு உட்பட்டனவாகிவிடும். நடை எளிமை கருதி ஓர் அடைமொழியை விடுவதனால் பயிற்சி பெறும் இளைஞனின் உயிருக்கே ஊறு நேரலாம். மாறாக, விழா அணிவகுப்பைப் பற்றிய வருணனையில் 'தலைக்கவசம்' எனப் பெயர்ப்பின், மரபின் பொருள் சிதையும். 1806இல் ஆணை எழுதியோர் ஒன்றைத் தலைப்பாகை எனப் பெயரிட்டு வேறொன்றைத் தலையில் வைத்தனர். பெயருக்கும் பொருளுக்கும் இடையே விழுந்த அவ்விடைவெளியின் விலையை இருதரப்பினரும் உயிரால் கொடுத்தனர்.

9. முடிவுரை

மெய்ப்பை முதல் தலைக்கவசம் வரை நீளும் இச்சொல்வரிசை, குதிரைவீரர் உடை ஒருபோதும் மாறாநிலையில் நின்றதில்லை என்பதை உணர்த்துகிறது. யவனர் சட்டையும், அரபு நாட்டு அங்கியும், பாரசீகக் குல்லாவும் அவ்வக்காலத்தில் பயன் கருதி ஏற்கப்பட்டுப் பின்னர் மரபாயின. காப்பு மாறும், அதனைத் தேடும் நோக்கமே மாறாதது. படைக்கலம் வாளாக இருந்தபோது தலைப்பாகை காப்பாயிற்று. இன்று இடர் தரையோடு மோதுதலில் உள்ளமையால் கவசம் காப்பாகிறது. விழாவில் தலைப்பாகையும் பயிற்சியில் தலைக்கவசமும் என இடம் பிரித்து வழங்குதல் மரபைச் சிறுமைப்படுத்துவதாகாது. தோலும் இரும்பும் உள்ளே வைத்துப் புறத்தே பட்டு போர்த்திய மகாநவமி வீரரின் நெறியே அது. அம்மாற்றத்தை ஏற்போர் தாமே உணர்ந்து ஏற்குமாறு, உரிய சொல்லால் உரிய பொருளை எடுத்துரைத்தல் மொழிபெயர்ப்பாளரின் கடனாகும்.